குதிரைக்குக் குளம்பு சீவ: ஆளா, அரமா?

கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றோ இரண்டோ குதிரை வைத்துக்கொண்டு செட்டிநாட்டுப் பக்கம் இருக்கிறீர்கள் என்றால், அரத்தை நீங்கள் எடுங்கள், கொறடு (குளம்பைக் கடித்து வெட்டும் இடுக்கி), கத்தி இரண்டையும் லாடக்காரர் கையிலேயே விட்டுவிடுங்கள். மூன்று வருஷமாக எல்லா வழியையும் மாற்றி மாற்றிப் பார்த்து, ஒரு தடவை குதிரை நொண்டி, இன்னொரு தடவை நானே நொண்டி, அப்புறம் வந்து சேர்ந்த இடம் இது.

எங்கள் வீடு கானாடுகாத்தானிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. குதிரை அந்தியூர்ச் சந்தையில் வாங்கியது, ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவில். விற்றவர் அரை மணி நேரம் சுழியைப் பற்றியே பேசினார். நெற்றியில் இருப்பது என்ன, கழுத்தில் இருப்பது என்ன, எது வீட்டுக்கு ஆகும், எது ஆகாது. நானும் மச்சானும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தோம். நாலு காலில் ஒரு காலையாவது தூக்கிப் பார்ப்போம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதமே முன்னங்கால் நுனி, படத்தில் சுல்தான் போட்டிருக்கும் செருப்பு மாதிரி, முன்னால் நீள ஆரம்பித்துவிட்டது. அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டுச் சொன்னது: "அய்யனார் கோயில் குதிரைன்னா புரவி எடுப்புக்குப் புரவி எடுப்பு வெள்ளை அடிச்சு விட்டா போதும். இது உசுருள்ளதுடா, இதுக்கு நகம் வளரும்."

நகம்தான். குளம்பு ஓடு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளர்கிறது. மயிர்க்கோட்டில், அதாவது ரோமம் முடிந்து குளம்பு தொடங்கும் இடத்தில், இன்று முளைப்பது நுனிக்கு வந்து சேர 9 மாதம் முதல் ஒரு வருஷம் பிடிக்கும். இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதிகமாக வெட்டிவிட்டால் மறுபடி ஒட்ட முடியாது, வளரும்வரை காத்திருப்பது மட்டும்தான் வழி. உடம்பு பாரத்தில் கிட்டத்தட்ட 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நுனி நீண்ட குளம்பில் நடப்பது நாம் இரண்டு சைஸ் பெரிய செருப்பில் நடப்பது போல. ஒவ்வொரு எட்டிலும் காலைக் கிளப்பவே தாமதமாகும், பின்பக்கத் தசைநாண் இழுபடும், நுனி நெம்புகோலாக வேலை செய்து குளம்பு ஓட்டை உள்ளே இருந்து பிரிக்கப் பார்க்கும்.

இதைக் கேட்டால் டீக்கடையில் உடனே கிடைக்கும் பதில், "ஓட விடுங்க தம்பி, தானா தேயும்." பாதி உண்மை. நம் பக்கத்துச் சரளைச் செம்மண் உப்புத்தாள் மாதிரிதான், நன்றாகத் தேய்க்கும். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? பந்தயத்துக்குப் பழக்கும் வண்டிக்குதிரைகள் தார் ரோட்டில் ஓடும் ஓட்டத்துக்கு, குளம்பு வளர்வதைவிடத் தேய்வது வேகமாகி, லாடம் இல்லாமல் முடியாது என்ற நிலைக்கு வந்துவிடும். என் குதிரை அப்படியா? காலையில் ஊருணிக் கரையை இரண்டு சுற்று, சாயங்காலம் பிள்ளைகளை முதுகில் வைத்துத் தெருவில் ஒரு நடை, மீதி நேரம் கொட்டிலில் மணல் தரையில் நின்று கொள்ளு மெல்லுவது. இதில் எங்கே தேயும்? தேய்ந்தாலும் ஒரே சீராகத் தேயாது. பக்கவாட்டில் வெடித்து, ஒரு துண்டு பெயர்ந்து, அது எங்கே நிற்குமென்று சொல்ல முடியாது. ஆக, சும்மா இருப்பது என்ற வழியை இங்கேயே மூடிவிடலாம்.

அடுத்து எல்லோரும் கை காட்டுவது மாட்டுக்கு லாடம் கட்டுபவரை. சந்தை நாளில் வருவார், கை சுத்தம், கூலி குறைவு, ஆளும் தெரிந்தவர். நானும் ஒரு தடவை கூப்பிட்டேன். வந்தவுடன் அவர் கேட்டது, "கயித்த எங்க போட்டுச் சாய்க்கிறது?" மாட்டைக் கீழே தள்ளிக் கட்டிப்போட்டுத்தான் லாடம் கட்டுவார்கள், அது அவருடைய தொழில் முறை. குதிரையை நிற்க வைத்துத்தான் செய்ய வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது, உள்ளே எலும்பும் இரண்டு, லாடமும் காலுக்கு இரண்டு தகடு. குதிரைக்கு ஒரே எலும்பு, ஒரே ஓடு, அடியில் நடுவே முக்கோணமாக ரப்பர் மாதிரி ஒரு பகுதி. ஃபிராக் என்பார்கள், மாட்டுக்கு அது கிடையவே கிடையாது. தெரியாத கை அதைத் தேவையில்லாத சதை என்று நினைத்துச் சீவிவிடும். நான் கூப்பிட்டவர் நல்ல மனிதர், காலைத் தூக்கி உற்றுப் பார்த்துவிட்டு, "இது எனக்கு வராது தம்பி" என்று சொல்லி மோர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

சரி, குதிரை லாடக்காரர். எங்களுக்கு மதுரையோ திருச்சியோ எதுவானாலும் சுமார் 90 கிலோமீட்டர். இந்தப் பஞ்சம் இன்று நேற்று வந்ததில்லை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இதைச் சொல்லியிருக்கிறார்: கடல் வழியாக ஆயிரக்கணக்கில் குதிரை வந்து இறங்கும், வருஷம் திரும்புவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகும், பராமரிக்கத் தெரிந்த ஆள் இங்கே இல்லை, விற்கிற வியாபாரிகளோ லாடக்காரர்களை இந்தப் பக்கமே வரவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள், செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம். இன்று யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு குதிரைக்காக அவ்வளவு தூரம் வந்தால் அவருக்குக் கட்டுப்படியாகாது, அவ்வளவுதான்.

எனக்கு வாய்த்தவர் மதுரையிலிருந்து வருகிற ஒரு பாய். அறுபதைத் தொட்ட வயது, தோல் பை ஒன்று, அதில் பாதி வெற்றிலை. சீவுவதற்கு 700 ரூபாய், வந்து போக 1,000 தனி. வேலையைப் பார்த்தால் அந்தப் பணம் பெரிதில்லை. காலைத் தொடுவதற்கு முன்னால் குதிரையை முன்னும் பின்னும் நாலு தடவை நடக்க விடுவார், சிமெண்டுத் தளத்தில் ஒரு முறை, சரளையில் ஒரு முறை. எந்தக் கால் முதலில் குதியில் இறங்குகிறது, எது நுனியில் இறங்குகிறது என்று கண்ணால் அளந்துவிட்டுத்தான் பையைத் திறப்பார். கொறட்டால் ஓட்டைச் சுற்றிக் கடித்து வரும்போது பிறைத் துண்டாக விழும், அதைக் கவ்விக்கொண்டு போக எங்கள் நாய் காலையிலிருந்தே காத்திருக்கும். நாலு காலும் முடிய முக்கால் மணி நேரம்.

குறை எங்கே என்றால் தேதியில். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை சீவ வேண்டும், மிஞ்சினால் எட்டு. ஆறாவது வாரம் போன் போட்டால் "அடுத்த வாரம் தம்பி" என்பார். அடுத்த வாரம் எங்காவது கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை போகும், அங்கே லாடம் அடிக்க வேண்டும். அதற்கடுத்த வாரம் மழை. ஒரு தடவை பதினோரு வாரம் ஆனது. பதினோரு வாரம் வளர்ந்ததை ஒரே நாளில் எடுத்தால், அது எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும், குதிரைக்கு ஒரே நாளில் நடையே மாறிப்போகிறது. அன்று சாயங்காலம் அது காலை எடுத்து வைத்த விதம், புதுக் கண்ணாடி போட்டவர் படி இறங்குவது போல இருந்தது.

பாய் கிடைக்காத ஒரு சமயம் வேறு ஒருவரைக் கூப்பிட்டேன். பேர் ஊர் வேண்டாம். வேலை பார்க்க அழகாக இருந்தது. அடித்தளத்தை முழுக்கச் செதுக்கி, வழுவழுவென்று, இளஞ்சிவப்பு தெரியத் தெரிய, ஃபிராக்கையும் கூராக வெட்டி, மேலே ஏதோ எண்ணெய் தடவி, போட்டோ எடுக்கச் சொல்லிக் கொடுத்தார். மறுநாள் குதிரை சரளையில் கால் வைக்கவே மறுத்தது. கட்டைவிரலால் அடியில் அழுத்தினால் லேசாக அமுங்கியது. அமுங்கக் கூடாது, அது அந்த விலங்கின் செருப்புத் தோல். ஒன்பது நாள் மணலிலேயே நின்றது. பணம் கொடுத்தால் நல்ல வேலை தானாக வந்துவிடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்த ஒன்பது நாளில் போனது. ஆளைக் கூப்பிடுவது என்பதிலும் பார்க்கத் தெரிந்தவன் ஒருவன் வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறது.

அப்போதுதான் நானே செய்தால் என்ன என்று கிளம்பினேன். முழுசாக. கொறடு, இரண்டு கத்தி, அரம், கால் வைக்கும் முக்காலி எல்லாம் ஆன்லைனில் வரவழைத்து. வெளிநாட்டு வீடியோக்களை ராத்திரி ராத்திரியாகப் பார்த்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த வீடியோக்களில் குதிரை ஈரப் புல்வெளியில் நிற்கும், குளம்பு சோப்புக் கட்டி மாதிரி வெட்டுப்படும், கத்தி வழுக்கிக்கொண்டு போகும். நம் ஊர் பங்குனி சித்திரை வெயிலில் காய்ந்த குளம்பு கருங்கல். அதே கத்தியை அதே மாதிரி இழுத்தால் முதலில் நகராது, பலம் கொடுத்தால் திடீரென்று நழுவும், நழுவினால் ஒன்று ஃபிராக்கில் போகும் அல்லது உங்கள் தொடையில் போகும். இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்தில் பதிவு பெற்றவர் மட்டுமே லாடம் அடிக்கலாம் என்று 1975-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அங்கே ஒருவர் வீட்டில் நின்று சாவகாசமாகச் சீவிக்காட்டும்போது, தப்பிப்போனால் கூப்பிடப் பதிவு பெற்ற ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். நமக்கு அந்த வசதி 90 கிலோமீட்டர் தள்ளி.

என் முதல் பாடம் குளம்பே இல்லை, செருப்பு. ரப்பர் செருப்போடு நின்று முன்னங்காலைத் தூக்கினேன், ஈ கடித்ததோ என்னவோ சட்டென்று உருவி கீழே வைத்தது, என் இடது பாதத்தின் மேல். நகம் கறுத்து விழுந்தது. (அப்பத்தா: "இப்ப யாரு குளம்ப யாரு பாக்குறது?") மூடிய பூட்ஸ் இல்லாமல் குதிரைக் கால் பக்கம் போகாதீர்கள், தடித்த தோல் என்றால் இன்னும் நல்லது.

இரண்டாவது பாடம் தெரியவே மூன்று மாதம் ஆனது. நான் வலது கைக்காரன். அரத்தைத் தள்ளும்போது அழுத்தம் முழுக்க ஒரு பக்கமாகவே போயிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு நாள் காலையில் தொட்டியடி ஈர மணலில் குதிரையின் தடத்தைப் பார்க்கிறேன், இடது முன்னங்கால் தடம் ஒரு ஓரம் ஆழமாகவும் மறு ஓரம் மேலோட்டமாகவும் இருக்கிறது. காலைத் தூக்கி, தளர விட்டு, பின்னாலிருந்து கண்ணை வைத்துப் பார்த்தால் வெளிப்பக்கக் குதி உள்பக்கத்தைவிட நாலைந்து மில்லிமீட்டர் தாழ்வு. தினமும் பார்க்கிறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாமலே போயிருக்கிறது. பாய் வந்து பார்த்தார், சிரித்தார். "தம்பி, அரம் நேராத்தான் இருக்கு. நீங்கதான் சாஞ்சு நிக்கிறீங்க." அதைச் சமன் செய்ய அவருக்கு இரண்டு முறை வரவேண்டியிருந்தது, ஏனென்றால் தாழ்ந்த பக்கத்தை உயர்த்த முடியாது, உயர்ந்த பக்கத்தைத்தான் குறைக்க முடியும், அதிலும் குறைக்க அங்கே நிறைய மிச்சமில்லை.

அன்றைக்கு அவர் போட்டுக்கொடுத்த ஏற்பாடுதான், சும்மா விடுவது, ஆளைக் கூப்பிடுவது, முழுக்க நானே செய்வது என்ற மூன்றுக்கும் அடுத்து, இன்று நான் சொல்லும் நாலாவது வழி. கொறட்டையும் கத்தியையும் பரணில் போடு. அரத்தை மட்டும் வைத்துக்கொள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஓரத்தை மட்டும் ராவு. பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நான் வந்து உயரம், குதி, சாய்வு எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், அரத்தால் தப்புச் செய்ய நேரம் பிடிக்கும். கொறடு ஒரே கடியில் ஒரு சென்டிமீட்டர் எடுத்துவிடும், கத்தி ஒரே இழுப்பில் ரத்தம் பார்த்துவிடும். அரம் பத்துத் தள்ளலுக்கு ஒரு மில்லிமீட்டர் எடுத்தால் பெரிது, தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளையாக உதிரும், நடுவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். இரண்டு வாரத்தில் வளர்வதே 3 முதல் 5 மில்லிமீட்டர்தான், அதைச் சமாளிக்க அரம் தாராளம். குதிரைக்கும் திடீர் மாற்றம் இல்லை. பாயின் தேதி ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போனாலும் யாருக்கும் குடி முழுகாது.

பணக் கணக்கும் பார்த்துவிடுவோம். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை அவரே வந்தால் வருஷத்துக்கு ஒன்பது நடை, 15,300 ரூபாய். பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்றால் நாலு நடை, 6,800. அரம் எனக்கு 2,800 ஆனது, ஒரு குதிரைக்கு ஒரு வருஷத்துக்கு மேலேயே தாங்குகிறது. ஆக 9,600. இப்போது பள்ளத்தூர்ப் பக்கம் இரண்டு பேர், புதுவயல் பக்கம் ஒருவர் என்று நாலு குதிரையை ஒரே நாளில் சேர்த்துவிட்டோம், வழிச்செலவு தலைக்கு 250-ஆகக் குறைந்துவிட்டது, அவரும் சந்தோஷமாக வருகிறார். முழுக்க நானே செய்தால் இதைவிட மிச்சமாகும்தான். ஆனால் கொறடு, கத்தி, முக்காலிக்குப் போட்ட பணத்தையும் அந்தச் சாய்ந்த குதியைச் சரிசெய்ய ஆன இரண்டு நடையையும் சேர்த்தால் முதல் வருஷம் எனக்கு ஒரு ரூபாயும் மிஞ்சவில்லை. பத்துக் குதிரை வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு வேறு, அவர் ஒரு ஆளை முறையாகப் பழக்கிவிடுவது லாபம்.

இனி அந்த ராவும் வேலை எப்படி என்று. காரைக்குடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஆசாரி மர அரம் சரிப்படாது, நான் முயன்றேன், காய்ந்த குளம்பில் சறுக்கிக்கொண்டே இருந்தது. 14 அங்குலக் குளம்பு அரம்தான் வேண்டும், ஒரு பக்கம் முரட்டுப் பல், மறுபக்கம் நைசு. கையுறை கட்டாயம், அரத்தின் பல் விரல் முட்டியை உரித்துவிடும். முதல் நாள் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மணலை நனைத்துவிட்டு அங்கேயே நிற்க விடுங்கள், அல்லது ஈரச் சாக்கைக் குளம்பைச் சுற்றிக் கட்டுங்கள், மறுநாள் காலை வேலை பாதியாகக் குறையும். குதிரையைக் கம்பத்தில் இறுக்கிக் கட்டாதீர்கள். இழுத்தால் அவிழும் முடிச்சு, இல்லையென்றால் பிடிகயிற்றை ஒருவர் கையில் வைத்திருப்பது. எங்கள் வீட்டில் என் தங்கை பிடிப்பாள், போன் பார்க்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

வாலைப் பார்த்து நின்று, தோளிலிருந்து கையை இறக்கி, காலைத் தூக்கி, முன்னங்கால் என்றால் இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் வெளியே இழுத்துப் பிடித்தால் அதற்கு மூட்டு வலிக்கும், வலித்தால் உருவும், அதைத் திமிர் என்று நாம் திட்டுவோம். முதலில் கொக்கியால் குதியிலிருந்து நுனி நோக்கி மண்ணையும் சரளையையும் கிளறி எடுத்து, பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தமாக்குங்கள். இப்போது தெரியும்: வெளியே கெட்டியான ஓடு, அதை ஒட்டி உள்ளே மெழுகு நிறத்தில் ஒரு கோடு, பெயரென்னவோ வெள்ளைக்கோடுதான், அதற்குள்ளே அடித்தளம். ஓடு அடித்தளத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயர்ந்து நின்றால் போதும். அதற்குமேல் இருப்பதுதான் உங்கள் வேலை. குதியிலிருந்து நுனிப் பக்கம் ஒரே திசையில் தள்ளுங்கள், முன்னும் பின்னும் இழுக்க இது கத்தி சாணை பிடிப்பதில்லை. ஐந்து தள்ளல், நிறுத்து, பார். அப்புறம் காலை முன்னால் எடுத்து முக்காலியில் வைத்து, வெளி ஓரத்தை மட்டும் சாய்வாக வழித்துவிடுங்கள், மேஜை விளிம்பை ஆசாரி மழுக்குவது போல. கூரான ஓரம் சரளையில் மோதித்தான் வெடிக்கிறது, மழுக்கிவிட்டால் வெடிப்பு பெரும்பாலும் நின்றுவிடும். அடித்தளத்தையும் ஃபிராக்கையும் தொடாதீர்கள். இன்னும் கொஞ்சம் எடுக்கலாமோ என்று தோன்றும் இடம்தான் நிறுத்த வேண்டிய இடம்.

நாலு காலையும் ஒரே நாளில் முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் சனிக்கிழமை முன்னங்கால், ஞாயிற்றுக்கிழமை பின்னங்கால். என் முதுகுக்கும் அதன் பொறுமைக்கும் அதுதான் அளவு. ஒவ்வொரு தடவையும் போனைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று போட்டோ எடுத்து வைக்கிறேன். கணுவுக்குக் கீழே காலின் சாய்வும் குளம்பின் முன்பக்கச் சாய்வும் ஒரே கோடாக ஓட வேண்டும். நடுவில் உடைந்தால் பாய்க்கு வாட்ஸாப்பில் போகும். "இருக்கட்டும்" என்றோ "தொடாதீங்க, வாறேன்" என்றோ ஒரே வரியில் பதில் வரும்.

அரத்தைத் தொடவே கூடாத நாட்களும் உண்டு. கணுவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விரல் வைத்தால் நாடி தெரியும், சாதாரணமாகத் தேடிப் பிடிக்க வேண்டிய அளவுக்கு மெல்லியது. அது தேடாமலே விரலில் அடித்தால், குளம்பும் தொட்டால் சூடாக இருந்தால், குதிரை முன்னங்காலை முன்னே நீட்டிப் பாரத்தைப் பின்னால் தள்ளி நின்றால், அது கால்நடை மருத்துவருக்கான வேலை, அதுவும் அன்றைக்கே. நம் பக்கத்தில் இதற்கு ஒரு பெரிய காரணம் அன்பு. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, பலகாரம், ஒரு கூடை அரிசி, "குதிரைதானே, தின்னட்டும்" என்று கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒரேயடியாக மாவுச்சத்து உள்ளே போனால் வயிறு மட்டும் கெடுவதில்லை, குளம்பின் ஓட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் சவ்வே வீங்கி விட்டுப்போகும். எங்கள் கொட்டில் வாசலில் கொள்ளு வாளிக்கு இப்போது பூட்டு இருக்கிறது.

குளம்பில் ஆணி ஏறினாலும் அன்றைக்கே மருத்துவர்தான், ரண ஜன்னி என்கிற டெட்டனஸ் குதிரைக்கு மற்ற மாடு கன்றைவிட எளிதாக வரும். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று இன்றே பார்த்து வையுங்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் வரும் பிரச்சினை வேறு. ஆறு மாதம் கல்லாக இருந்த குளம்பு ஊறிப்போகும், ஃபிராக்கின் பள்ளத்தில் கறுப்பாகக் கசியும், கொக்கி வைத்த உடனேயே நாற்றம் மூக்கைப் பிடிக்க வைக்கும். அதற்கு மருந்தைவிட முக்கியம் நிற்கிற இடம் காய்ந்திருப்பதும் தினமும் கிளறிச் சுத்தம் செய்வதும். மயில்துத்தத்தை அள்ளிக் கொட்டுகிறார்கள், ரணத்தில் பட்டால் எரித்துவிடும், எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். பழைய எஞ்சின் ஆயில் பூசும் வழக்கத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை, பூசாதீர்கள் என்பதைத் தவிர.

ஏற்கெனவே நுனி நீண்டு, ஓடு வெடித்து, குதி சரிந்து நிற்கும் குதிரைக்கு இந்த நாலாவது வழி பொருந்தாது. முதல் இரண்டு மூன்று தடவையாவது தெரிந்த கை சீவி, ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதைக் காப்பாற்ற அரம். உதைக்கிற குதிரை, காலையே தொடவிடாத குதிரை என்றாலும் அரத்தை வாங்காதீர்கள். ஒரு மாதம் தினமும் வெறும் கையால் காலைத் தூக்கி, பத்து எண்ணி, இறக்கி வையுங்கள். நான் அதைச் செய்யாமல்தான் நகத்தைக் கொடுத்தேன். முதுகு வலிக்காரர்கள் பணத்தைப் பார்க்காமல் ஆளையே கூப்பிட்டுவிடுங்கள், குனிந்து நிற்கும் அந்த இருபது நிமிஷம் லேசுப்பட்டதல்ல.

போன மாதம் பாய் வந்திருந்தார். வழக்கம்போல நடக்க விட்டுப் பார்த்தார், நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கினார், கட்டைவிரலை ஓரத்தில் ஓட்டினார். இடது முன்னங்காலில் மட்டும் கொஞ்சம் நின்று, பிறகு அதையும் இறக்கிவிட்டார். கொறட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை, அரத்தால் குதியில் நாலு தள்ளு, முடிந்தது. 700 ரூபாயை நீட்டினேன். 500-ஐ எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அரம் மழுங்கிப்போச்சு தம்பி, புதுசு வாங்குங்க" என்றார். நாய்தான் பாவம், சாயங்காலம் வரை அந்த இடத்தையே மோந்துகொண்டிருந்தது.